பள்ளி நேரத்தில் இன்சுலின்: யாரிடம் சொல்வது, என்ன கேட்பது?

கேள்வி:

நாங்கள் மேலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் மகளுக்கு 9 வயது, எடை 24 கிலோ. ஊரிலுள்ள அரசு உதவி பெறும் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். நான்கு மாதங்களுக்கு முன் ஓயாத வாந்தியும் மூச்சிரைப்புமாக மதுரை பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது, டைப் 1 சர்க்கரை நோய் என்று சொன்னார்கள். மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் தெளிவான இன்சுலின், இரவு படுக்கும்போது கலங்கலான இன்சுலின் என்று போட்டு வருகிறோம். பள்ளிக்குள் ஊசி போடத் தலைமையாசிரியை சம்மதிக்கவில்லை, "ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?" என்கிறார். அதனால் தையல் வேலையை விட்டுவிட்டு, தினமும் மதியம் நானே போய் வாசலில் வைத்து ஊசி போட்டுவிட்டு வருகிறேன். போன மாதம் ஒரு நாள், விளையாட்டு வகுப்பு முடிந்து 11 மணிக்கு மேசையில் தலைசாய்த்துக் கிடந்தவளை, தூங்குகிறாள் என்று நினைத்து வகுப்பு ஆசிரியர் எழுப்பி நிற்க வைத்திருக்கிறார். நான் போனபோது சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. பார்த்தால் சர்க்கரை 52. பெண் பிள்ளை, வெளியே சொல்லாதே என்று மாமியார் சொல்வதால், தலைமையாசிரியையைத் தவிர யாரிடமும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. பள்ளியில் தரும் காலை உணவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மற்றப் பிள்ளைகள் சாப்பிடும்போது அவள் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். பள்ளியை மாற்றலாமா? ஒரு வருடம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பள்ளியை மாற்ற வேண்டாம். இந்த நோய்க்காக ஒரு நாள்கூட அவளை வீட்டில் நிறுத்தி வைக்கவும் வேண்டாம். அடுத்த பள்ளியிலும் இதே கேள்விகள்தாம் எழும், அங்கே அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது. இப்போது மாற வேண்டியது ஒன்றுதான்: பகல் முழுவதும் அவளுடன் இருப்பவர்களில் ஒருவருக்குக்கூட அவள் நோயைப் பற்றித் தெரியாது என்ற நிலை.

அந்த 11 மணிக்கு நடந்தது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பள்ளியில் நீங்கள் செய்ய வேண்டிய ஏற்பாடுகள் எல்லாம் அந்த நேரத்தைச் சுற்றியே அமைய வேண்டும். தெளிவான இன்சுலின் என்று நீங்கள் எழுதியிருப்பது, அரசு மருத்துவமனைகளில் பரவலாகக் கொடுக்கப்படும் ரெகுலர் இன்சுலினாக இருக்க வேண்டும். அது போட்ட அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, இரண்டு மணி முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்தை எட்டி, ஆறு மணி முதல் எட்டு மணி நேரம் வரை உடலில் நிற்கும். காலை 8 மணிக்குப் போட்ட ஊசி 10 மணியிலிருந்து 12 மணி வரை முழு வேகத்தில் இருக்கும். எட்டரைக்குச் சாப்பிட்ட இட்லியோ அதற்குள் பெரும்பாலும் செரித்து முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து விளையாட்டு வகுப்பும் வந்தால், ஓடுகிற கால்கள் தம் பங்குக்குச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மற்றப் பிள்ளைகளுக்கு இப்படி நேரும்போது கணையம் இன்சுலின் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் மகளுக்கு ஊசி வழியே போன இன்சுலினை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே அன்று நடந்தது தற்செயலானது என்று விட்டுவிட வேண்டாம். 10 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் எதுவும் சாப்பிடாமல் விளையாடினால் அது மறுபடியும் நடக்கும்.

சர்க்கரை 70க்குக் கீழே போனாலே தாழ்வு என்று கொள்கிறோம். 54க்குக் கீழே போனால், மூளைக்குத் தேவையான சர்க்கரையே போதாமல் போகத் தொடங்கிவிட்டது என்று பொருள். 52 என்ற எண்ணோடு ஒரு குழந்தை எழுந்து நின்றிருக்கிறாள் என்று படித்தபோது எனக்கு மனம் பதறியது. ஆனால் அந்த ஆசிரியர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒருத்தி மேசையில் சாய்ந்தால் தூக்கம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவரிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தால், இரண்டு தேக்கரண்டி சர்க்கரையில் முடிந்திருக்கும் காரியம் அது.

உங்கள் மாமியாரின் அச்சம் பேத்தியின் மீதுள்ள அக்கறையிலிருந்து வருவது. நம் பக்கத்து ஊர்களில் நாளைக்குப் பெண் கேட்டு வருபவர்கள் என்ன சொல்வார்களோ என்று நினைக்காத பாட்டி அரிது. அவரை எதிர்த்துப் பேசாமல், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இந்த நோய் இனிப்புத் தின்றதால் வந்ததன்று, யாருக்கும் ஒட்டுவதுமன்று; உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களைத் தாக்கி அழித்துவிட்டதால் வந்தது என்பதை மருத்துவரின் வாயால் அவர் கேட்கட்டும். 1922ஆம் ஆண்டு ஜனவரியில் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலில் இன்சுலின் போடப்படும் வரை, இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. இன்று ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளும் பெண்கள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், திருமணம் செய்து பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தலைமையாசிரியை, வகுப்பு ஆசிரியர், விளையாட்டு ஆசிரியர், சத்துணவுப் பொறுப்பாளர், அவள் பக்கத்தில் உட்காரும் தோழி ஆகிய ஐந்து பேருக்குத் தெரிந்தால் போதும்.

மறைப்பது என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்துகொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புச் சிறுவன், நண்பர்கள் கேலி செய்வார்களோ என்று பயந்து பள்ளிக் கழிப்பறைக்குள் நின்று ஊசி போட்டுக்கொண்டிருந்தான். கழிப்பறை சுத்தமாக இல்லாத நாட்களில் போடாமல் விட்டான்; பிறகு மதிய ஊசியை முழுவதுமாகவே விட்டுவிட்டான். ஓராண்டுக்குள் இரண்டு முறை, இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி, மூச்சு வாங்கிய நிலையில் அவசரப் பிரிவுக்கு வந்தான். இரண்டாவது முறை, அவன் சம்மதத்தோடு, அவனுடைய நெருங்கிய நண்பனை வரவழைத்து விவரத்தைச் சொன்னோம். அதன் பிறகு அந்த நண்பனின் புத்தகப் பையில் எப்போதும் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருந்தது. மதிய ஊசியும் தவறவில்லை.

இனி வகுப்பு ஆசிரியரிடம் என்ன சொல்வது என்பதைப் பார்ப்போம். நோயைப் பற்றிய பாடம் அவருக்குத் தேவையில்லை. உங்கள் மகளுக்குச் சர்க்கரை இறங்கும்போது அவள் எப்படி இருப்பாள், அப்போது அவர் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டு மட்டும் தெரிய வேண்டும். கை நடுங்குவது, திடீரென்று வேர்ப்பது, முகம் வெளிறுவது, பசிக்கிறது என்பது, தலை வலிப்பது போன்றவை பொதுவான அறிகுறிகள். இவற்றைவிட, பிள்ளைக்குப் பிள்ளை மாறுகிற அறிகுறிகளைத்தான் ஆசிரியர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். காரணமில்லாமல் அழுவது, எரிந்து விழுவது, கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் சொல்வது, கையெழுத்து கோணலாவது, அன்று நடந்ததுபோலத் துவண்டு சாய்வது எல்லாம் குறும்பாகவோ சோம்பலாகவோ தோன்றும். வீட்டில் அவளுக்குச் சர்க்கரை இறங்கிய நேரங்களை நினைவுபடுத்திப் பார்த்து, உங்கள் மகளிடம் முதலில் தெரிவது எது என்று எழுதிக் கொடுங்கள். அது தாய்க்குத்தான் தெரியும்.

சந்தேகம் வந்தால் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். பார்க்க வழியில்லை என்றால் தாழ்வு என்றே வைத்துக்கொண்டு சர்க்கரை கொடுத்துவிட வேண்டும். தேவையில்லாமல் ஒருமுறை சர்க்கரை கொடுத்ததால் பெரிய தீங்கு எதுவும் வராது. எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: எடையில் ஒரு கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ். 24 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இது 7 கிராமுக்குச் சற்று மேல் வரும். அதாவது தலைதட்டிய இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் போதும். குளுக்கோஸ் தூளும் அப்படியே. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, இன்னும் 70க்குக் கீழே இருந்தால் அதே அளவு மீண்டும் கொடுக்க வேண்டும். சரியான பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்குமானால், நான்கு பிஸ்கட்டோ ஒரு சிறிய வாழைப்பழமோ சாப்பிடட்டும், ஏனென்றால் ரெகுலர் இன்சுலின் இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. இனிப்பு என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணி, பெட்டிக்கடையில் வாங்கிய கடலை மிட்டாயையோ சாக்லேட்டையோ பையில் போட்டு அனுப்புகிறார்கள். கடலையிலும் சாக்லேட்டிலும் இருக்கும் கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். தாழ்வின்போது நமக்கு நேரமில்லை. கடலை மிட்டாய் அவளுக்கு நல்ல தின்பண்டமாக இருக்கலாம், அவசரத்துக்கு ஆகாது. இரண்டு இரண்டு தேக்கரண்டியாகச் சர்க்கரையைச் சிறு சிறு பொட்டலங்களாக மடித்து, அவள் பையில் ஒன்று, வகுப்பு ஆசிரியரின் மேசையில் ஒன்று, தலைமையாசிரியை அறையில் ஒன்று, விளையாட்டு ஆசிரியரிடம் ஒன்று என்று வைத்துவிடுங்கள்.

ஆசிரியர் எந்த நிலையிலும் செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. உடம்பு சரியில்லை என்று அவள் சொன்னால், "போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா", "தலைமையாசிரியை அறையில் போய்ப் படு" என்று தனியே அனுப்பக் கூடாது. சர்க்கரை இறங்கிய பிள்ளை வராந்தாவிலோ கழிப்பறையிலோ மயங்கி விழுந்தால் யாருக்கும் தெரியாது. சர்க்கரை அவள் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும்.

மயக்கம் போட்டுவிட்டாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது; அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108க்கு அழைத்து, டைப் 1 சர்க்கரை நோயுள்ள குழந்தை, சர்க்கரை இறங்கிவிட்டது என்று சொல்ல வேண்டும். பிறகு உங்களை அழைக்க வேண்டும். வலிப்பு என்றதும் சாவிக்கொத்தைத் தேடி ஓடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இரும்பைக் கையில் கொடுப்பதால் சர்க்கரை ஏறாது, நேரம்தான் போகும். குளுக்ககான் என்ற ஊசி இந்த நிலைக்கென்றே இருக்கிறது. 25 கிலோவுக்குக் குறைவான பிள்ளைக்கு அரை மில்லிகிராமும் அதற்கு மேல் ஒரு மில்லிகிராமும் போடுவது வழக்கம். அதன் விலை அதிகம், எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைப்பதில்லை. உங்கள் மகளுக்கு அதை வாங்கி வைக்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அது கையில் இல்லை என்பதற்காகப் பள்ளிக்கு அனுப்பத் தயங்க வேண்டாம்.

தலைமையாசிரியை கேட்ட கேள்விக்கு வருகிறேன். "யார் பொறுப்பு?" என்று அவர் கேட்டதில் தவறில்லை; இருநூறு பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அப்படிக் கேட்கத்தான் செய்வார். அவருக்குத் தேவைப்படுவது ஒரு தாளும் ஒரு கையெழுத்தும். உங்கள் மருத்துவரிடம் கேட்டு, அவருடைய கையொப்பத்துடன் ஒரே பக்கத்தில் பராமரிப்புத் திட்டம் ஒன்றைத் தமிழில் எழுதி வாங்குங்கள். நோயின் பெயர், சர்க்கரை பார்க்க வேண்டிய நேரங்கள், மதிய இன்சுலினின் அளவும் நேரமும், 70க்குக் கீழே போனால் செய்ய வேண்டியது, மயங்கினால் செய்ய வேண்டியது, 250க்கு மேல் இருந்தால் செய்ய வேண்டியது, உங்களுடையதும் மருத்துவருடையதுமான தொலைபேசி எண்கள் ஆகியவை அதில் இருக்கட்டும். அதன் கீழே, இந்தத் திட்டப்படி பள்ளியில் செய்யப்படும் உதவிக்கு நாங்கள் சம்மதிக்கிறோம் என்று நீங்களும் உங்கள் கணவரும் கையெழுத்திட்டு, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவுச் செவிலியர் ஆசிரியர்களிடம் தொலைபேசியில் பத்து நிமிடம் பேச முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். குளுக்கோமீட்டரைக் கையில் எடுத்து ஒருமுறை பார்த்துவிட்ட ஆசிரியருக்குப் பாதிப் பயம் போய்விடும் என்பது என் அனுபவம்.

உங்கள் பக்கம் சட்டமும் இருக்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023 மார்ச்சில் மாநிலக் கல்வித் துறைகளுக்கு எழுதிய கடிதத்தில், டைப் 1 நீரிழிவு உள்ள பிள்ளைகள் வகுப்பிலும் தேர்வின்போதும் சர்க்கரை பார்க்கவும், இன்சுலின் போட்டுக்கொள்ளவும், மருத்துவர் சொன்னபடி இடையில் சிற்றுண்டி சாப்பிடவும் அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வியை முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. இவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் சந்திப்பிலேயே எடுத்துப் போட வேண்டாம். பராமரிப்புத் திட்டத்தோடு போய்ப் பணிவாகக் கேட்டும் மறுத்தால், அதே தாளின் நகலை இணைத்து வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்து மூலமாக விண்ணப்பியுங்கள்.

மதிய ஊசியில் நேரம் முக்கியம். ரெகுலர் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். சாப்பாட்டு மணி 12.40க்கு அடிக்கும் என்றால், ஊசி 12.10க்கு, அதாவது வகுப்பு நடக்கும்போதே. நீங்கள் வாசலில் போட்டவுடன் அவள் ஓடிப்போய்ச் சாப்பிட்டுவிடுகிறாள் என்றால், சாப்பாட்டுச் சர்க்கரை முன்னால் போக, இன்சுலின் பின்னால் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிற்பகலில் அவளுக்குச் சர்க்கரை ஏறி, மாலையில் இறங்குகிறதா என்று குறிப்பேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். சாப்பிடும் தறுவாயில் போடக்கூடிய அதிவேக இன்சுலின்களும் உண்டு, விலைதான் கூடுதல். பள்ளி நாட்களில் மதியத்துக்கு மட்டுமாவது அதைத் தர இயலுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

9 வயதில் அவளே போட்டுக்கொள்ளலாமா? விரலில் குத்திப் பார்ப்பதை இந்த வயதுப் பிள்ளைகள் நன்றாகவே செய்கிறார்கள். ஊசி போட்டுக்கொள்வதையும் பலர் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். முதலில் ஒரு மாதம் வீட்டில் உங்கள் கண்ணெதிரே பழகட்டும். ஆனால் எத்தனை யூனிட் என்ற முடிவை அவளிடம் விட்டுவிடக் கூடாது. ஒரு பெரியவர் அருகில் நின்று, ஊசியில் ஏற்றப்பட்டிருக்கும் அளவைத் தாளில் உள்ள அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே போட வேண்டும். ஆசிரியர் ஊசியைத் தொட வேண்டியதில்லை, பார்த்தால் போதும் என்று சொன்னால் தலைமையாசிரியையும் இறங்கி வருவார் என்று நினைக்கிறேன். இடம் தலைமையாசிரியை அறையாகவோ, திரை போட்ட ஒரு மூலையாகவோ இருக்கட்டும். வாசலும் கழிப்பறையும் வேண்டாம். வயிற்றில் போடுவது நல்லது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் தோல் தடித்து மருந்து சரியாக இறங்காது. பயன்படுத்திய ஊசிகளை மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, மருத்துவமனைக்குப் போகும்போது ஒப்படைத்துவிடுங்கள். பள்ளிக் குப்பைத்தொட்டியில் ஓர் ஊசி கிடந்தாலும் கிடைத்த அனுமதி போய்விடும்.

சிரிஞ்சில் மிகுந்த கவனம் வேண்டும். நம் நாட்டில் குப்பிகளில் வரும் இன்சுலினில் பெரும்பாலானவை ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ளவை. அதற்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்ச். பேனாவில் போடும் இன்சுலின் 100 யூனிட் உள்ளது. 100 யூனிட் சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் எடுத்தால், தேவையானதைப்போல இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். ஆகவே பள்ளியில் ஒரே வகை மருந்தும் அதற்கான ஒரே வகைச் சிரிஞ்சும் மட்டும் இருக்கட்டும்.

பள்ளியில் குளிர்பதனப் பெட்டி இல்லை என்பது ஒரு தடையே இல்லை. திறந்து பயன்பாட்டில் இருக்கும் குப்பி, வெப்பம் 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் நான்கு வாரம் வரை கெடாது. மதுரைப் பக்கத்தில் பங்குனி பிறந்துவிட்டால் 30 டிகிரி என்பதெல்லாம் விடியற்காலைக் கதையாகிவிடும் என்பதால், ஒரு மண்பானைக்குள் ஈர மணல் பரப்பி, அதன் நடுவே சிறிய மண்சட்டி வைத்து, குப்பியைத் தண்ணீர் படாமல் ஒரு சிறு டப்பாவில் போட்டுச் சட்டிக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடிவிடுங்கள். காலையிலும் மதியமும் மணலை நனைத்தால் போதும். வெயில் விழும் சன்னலோரத்தில் பானை இருக்கக் கூடாது.

காலை உணவைப் பற்றி நீங்கள் எழுதிய வரிதான் என்னை மிகவும் வருத்தியது. மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, 2024 ஜூலையில் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்த அந்தத் திட்டத்தில், உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று வரும் எதுவும் உங்கள் மகளுக்கு விலக்கப்பட்ட உணவன்று. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்பது அளவு. இரண்டிலும் சேர்த்து 45 கிராமை ஒட்டிய மாவுச்சத்து இருக்கும். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரே அளவு வருவது, இன்சுலின் அளவைத் தீர்மானிக்க வசதியானதும்கூட. கவனிக்க வேண்டியது நேரத்தை மட்டுமே. வீட்டில் ஊசி போட்டு அனுப்பி, அன்று பார்த்துச் சமையல் தாமதமானால் ஆபத்து. உணவு தயாராகிவிட்டது என்று தெரிந்துகொண்டு, பள்ளிக்கு அழைத்துப்போய் அங்கே ஊசி போட்டு, அரை மணி கழித்துச் சாப்பிட வைக்க முடியுமானால் நாளைக்கே தொடங்கலாம். முடியாது என்றால் வீட்டிலேயே நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். ஆனால் வராந்தாவில் உட்கார வேண்டாம், தோழிகளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும்.

மதியச் சத்துணவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி கணக்கு. அது முழுவதையும் சாப்பிட்டால் 80 கிராமுக்குப் பக்கத்தில் மாவுச்சத்து சேரும்; உங்கள் மகளின் மதிய இன்சுலின் எந்த அளவுச் சோற்றுக்குக் கணக்கிடப்பட்டது என்று மருத்துவரிடம் கேட்டு, ஒரு கரண்டியோ இரண்டு கரண்டியோ, அதையே சத்துணவுப் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். முட்டையைக் குறைக்க வேண்டாம். பிறந்தநாள் மிட்டாய் யாராவது கொடுத்தால், மற்றவர்கள் முன்னால் பிடுங்காமல், வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டோடு சாப்பிட அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

விளையாட்டை நிறுத்தவே கூடாது. வகுப்புக்கு முன் சர்க்கரையைப் பார்த்து, 90க்குக் கீழே இருந்தால் முதலில் ஒரு வாழைப்பழமோ பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டு விளையாடப் போகட்டும். அந்த வகுப்பு வாரத்தில் என்றைக்கோ அன்றைக்கெல்லாம், சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் இடைவேளைச் சிற்றுண்டியைத் தவறவிடக் கூடாது. நன்றாக ஓடியாடிய நாளின் இரவிலும் சர்க்கரை இறங்கக்கூடும் என்பதால், படுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சர்க்கரை ஏறும் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏறினால் தாகமெடுக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும்; கேட்டவுடன் கழிப்பறைக்கு அனுப்பும்படி ஆசிரியரிடம் சொல்லுங்கள். கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். இந்த நோயில் அது நிலைமையை மோசமாக்கும். வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக மூச்சு வாங்குவது ஆகியவற்றோடு சர்க்கரையும் 250க்கு மேல் இருந்தால், மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்காமல் உடனே உங்களை அழைக்க வேண்டும். அந்த அறிகுறிகளை நான்கு மாதங்களுக்கு முன் நீங்களே பார்த்துவிட்டீர்கள். சாப்பிடவில்லையே என்று இன்சுலினை முழுவதுமாக நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

வகுப்புப் பிள்ளைகளிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். இப்போதைக்குப் பக்கத்தில் உட்காரும் தோழிக்குத் தெரிந்தால் போதும். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரெடரிக் பேன்டிங் பிறந்த நவம்பர் 14ஐத்தான் உலக நீரிழிவு நாளாகக் கொண்டாடுகிறார்கள்; நமக்கு அது குழந்தைகள் தினமும். அதற்குள் அவளுக்கு மனம் வந்தால், அன்று ஆசிரியரை வகுப்பில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லலாம். மனம் வரவில்லை என்றால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் தையல் வேலையை விட்டதைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அது ஒரு வரியாகத் தெரியவில்லை. அனுமதி கிடைத்ததும் முதல் இரண்டு வாரம் 11 மணிக்கும் 12.10க்கும் பள்ளியில் இருங்கள். ஆசிரியர் பார்க்க அவள் செய்யட்டும், நீங்கள் தள்ளி நில்லுங்கள். மூன்றாவது வாரம் 11 மணிக்குப் போக வேண்டாம். ஐந்தாவது வாரத்தில் மதியமும் தொலைபேசி போதும் என்ற நிலை வந்துவிட்டால், தையல் கடையில் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், கைபேசியை மட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.